இறங்கக் கூடாத தராசு

இந்த நாட்டில் லொறிக்காரன் தன் லொறியைத் தானே கொண்டுபோய் எடை பார்த்துக்கொள்கிறான். யாரும் கைகாட்டி மறிப்பதில்லை, விசில் ஊதுவதில்லை. டீசல் அடிக்கவும் குளிக்கவும் சாப்பிடவும் லொறிகள் ஒதுங்குகிற இடத்துக்கு இங்கே ‘ட்ரக் ஸ்டொப்’ என்று பெயர். அதன் ஒரு மூலையில், நீண்ட லொறி முழுதாக ஏறி நிற்கிற அளவுக்கு ஒரு தராசைத் தரையோடு பதித்திருக்கிறார்கள். சாரதிகள் கோப்பி வாங்கப் போகிறவர்களைப் போல ஆற அமர ஓட்டி வந்து அதில் ஏறுகிறார்கள். கனடாவில் நான் கண்ட புதினங்களில், பனியைவிட இதுதான் எனக்குப் பெரிய புதினம். இலங்கையில் கண்டிப் பக்கம் லொறி ஓட்டிய எவனும் தராசைக் கண்டால் சுற்றிப் போக வேறு பாதை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பான்.

இங்கே இப்படிச் செய்வதற்குக் காரணம் உண்டு. வழியில் அரசாங்கத்தின் தராசு வரும். அதில் ஏறாமல் போக முடியாது. மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. முன் சக்கரங்கள், நடுச் சக்கரங்கள், பின் சக்கரங்கள் என்று ஒவ்வொன்றின் மேலும் எவ்வளவு பாரம் என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒன்றில் கூடினாலும் லொறி அங்கேயே நிற்கும், கம்பனிக்கும் செய்தி போகும். அன்று நான் முதல் தடவையாகத் தனியாக ஓட்டினேன். பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைகள். என் வேலை அனுமதி அந்தக் கம்பனியை நம்பித்தான் இருந்தது. வேலை போனால் அனுமதி போகும். அனுமதி போனால், கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் பெட்டி கட்டாத குறையாகக் காத்திருக்கும் என் மனைவி சரோவும் மகளும் இங்கே வந்து சேர மாட்டார்கள்.

தராசில் ஏற்றி நிறுத்தினேன். ஜன்னலுக்கு நேராக ஒரு கம்பத்தில் பொத்தான் இருந்தது. அமுக்கியதும் ஒரு பெண் குரல் லொறியின் இலக்கத்தைக் கேட்டது. சொன்னேன். “கொஞ்சம் பொறு” என்றது குரல். அந்தப் பொறுமைதான் எனக்கு இல்லாமல் போனது. நான் யோசிக்கவே இல்லை, கையும் காலும் தாங்களாக வேலை செய்தன. முன் விளக்குகளை அணைத்தேன். உள் விளக்கைப் போட்டேன். லொறியின் பத்திரங்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, இரண்டு கைகளும் தெரிகிற மாதிரி பம்பருக்கு முன்னால் போய் நின்றேன். கம்பத்திலிருந்த குரல் கத்தத் தொடங்கியது. அது கத்தக் கத்த என் கைகள் இன்னும் மேலே போயின.

மடுல்கெல்லயில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தராசு புதிதல்ல. அம்மா பறித்த கொழுந்தைத் தூக்கி நிறுக்கும்போது மழை நாளென்றால் தண்ணீருக்கென்று கழிப்பார்கள், சாக்குக்கென்று கழிப்பார்கள். குறைத்துச் சொல்வதுதான் தராசின் குணம் என்று நான் நினைத்திருந்தேன். அது கூட்டியும் சொல்லும் என்று யுத்த காலத்தில் ஒரு மழை மாலையில்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் தேயிலைத் தூள் ஏற்றிக்கொண்டு கண்டிக்கு லொறி ஓட்டினேன். அன்று சரோவின் தம்பி ராசு பக்கத்தில் இருந்தான். கல்யாணமாகாத, எப்போதும் பாட்டு முணுமுணுக்கிற ஆள். வழியில் வத்தேகம தாண்டியதிலிருந்தே சரியான மழை. டவுனுக்குள் நுழைவதற்கு முன்னால் ராணுவச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். அங்கே ஒழுங்கு இதுதான்: முன் விளக்கை அணை, உள் விளக்கைப் போடு, இறங்கு, கைகளைக் காட்டு. நாங்கள் இரண்டாவதோடு நின்றுவிட்டோம். மழைக்குப் பயந்து, “பஹின்ன” என்று சிங்களத்தில் இறங்கச் சொல்லும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அந்தச் சுணக்கம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. லொறிக்குள் எதையோ ஒளித்திருக்கிறோம் என்று, பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கடை முற்றத்திலிருந்த பெரிய தராசில் ஏற்றச் சொன்னார்கள்.

தோட்டத்தில் எழுதித் தந்த எடைத் துண்டில் இருந்ததைவிட எடை கூடியிருந்தது. ஏன் கூடாது? மேலே போர்த்திய படங்கு மழையில் ஊறிக் கனத்துக் கிடந்தது. லொறியின் பலகைகளெல்லாம் தண்ணீர் குடித்திருந்தன. நாங்கள் இரண்டு பேரும் வேறு உள்ளே இருந்தோம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

“மச்சான், ஒன்னும் ஆகாதுங்களே?” என்றான் ராசு, உதடு அசையாமல்.

“ஒன்னும் ஆகாதுடா. தேயிலதானே, பாத்துட்டு விட்ருவாங்க.”

மூட்டை முழுவதையும் மழையில் இறக்கிக் குத்திப் பார்த்தார்கள். தேயிலையைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் கூடிய எடைக்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. என்னிடம் அடையாள அட்டை இருந்தது. ராசுவிடம் தோட்டத்தில் எழுதிக் கொடுத்த கடிதம் மட்டும்தான். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பல நாட்கள் கழித்து வீட்டுக்கு வந்தான். அதற்குப் பிறகு அவன் லொறியில் ஏறவே இல்லை. யாராவது கதவைத் தட்டினால் சோற்றுத் தட்டோடு எழும்பி நிற்பான்.

கம்பத்தில் கத்திய குரலுக்குச் சொந்தக்காரி கடைசியில் கடைக்குள்ளிருந்து ஓடி வந்தாள். சரோவின் வயதுதான் இருக்கும். குளிர்ச் சட்டையை ஒரு கையில்தான் போட்டிருந்தாள்.

“உனக்கு உடம்புக்கு ஏதாவதா? நெஞ்சு வலிக்கிறதா?” என்று கேட்டாள்.

“உள்ளே வேறு யாரும் இல்லை. நான் மட்டும்தான். வேண்டுமானால் பார்க்கலாம்” என்றேன்.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “நான் அதைக் கேட்கவில்லையே” என்றாள். பிறகு என் தூக்கிய கைகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “கையைக் கீழே போடு. ஏறி உன் இடத்தில் உட்கார். நீயும் சேர்ந்ததுதான் எடை. உன்னை விட்டுவிட்டா லொறி ரோட்டில் ஓடப் போகிறது?”

பின்னால் இன்னொரு லொறி ஹோர்ன் அடித்தது. அவள் அவசரப்படுத்தாமல், நான் ஏறிக் கதவைச் சாத்தும்வரை அங்கேயே நின்றாள்.

நடுச் சக்கரங்களில் எடை கூடியிருந்தது. அவள் தந்த எடைத் துண்டைப் பார்த்ததும் சரோவும் மகளும் என் கண் முன்னாலேயே விமானத்திலிருந்து இறங்கித் திரும்பிப் போவது போல இருந்தது. பயிற்சியில் சொல்லித் தந்தபடி பின்னால் உள்ள பூட்டை இழுத்துவிட்டு, நடுவிலுள்ள பாரம் பின்னுக்கு மாற, சட்டத்தில் நகரக்கூடிய பின் சக்கரங்களை இரண்டு துளை முன்னால் நகர்த்தினேன். மறுபடி தராசில் ஏறினேன். இந்தத் தடவை கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் சரி என்றது குரல். நான் அழுதுவிட்டேன்.

சரோவுக்கு ஃபோன் எடுத்தேன். “என்னங்க, கொரல் ஒரு மாதிரியா இருக்கு?” என்றாள். நடந்ததைச் சொன்னேன். ராசு அவர்களோடுதான் இருக்கிறான். பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டும். சாதாரணமாக ஃபோனைத் தொடாதவன் வாங்கிப் பேசினான்.

“எறங்க வேணாம்னா சொன்னாங்க?”

“ஆமாடா. உள்ளயே இருக்கச் சொன்னாங்க. இங்க அப்படித்தான்.”

“அப்படித்தான் சொல்லுவாங்க மச்சான். நம்பாதீங்க. நீங்க எறங்கிருங்க.”

ஃபோனை வைத்துவிட்டு லொறியை எடுத்தேன்.

அரசாங்கத் தராசு வந்தது. மெதுவாக ஏறி நிறுத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் சீருடை போட்ட ஒருவர் தலையைக் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. ‘நீயும் சேர்ந்ததுதான் எடை’ என்று அந்தப் பெண் சொன்னதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் என் வலது கை கதவைத் திறக்கத் தேடிப் போனது. கண்டி லொறியில் சாரதியின் கதவு வலது பக்கம். இங்கே அந்தப் பக்கத்தில் காலி ஆசனம்தான். விளக்கு பச்சையாக மாறி, சீருடைக்காரர் போகலாம் என்று கைகாட்டிய பிறகும், என் கை அங்கே இல்லாத கதவைத் தடவிக்கொண்டிருந்தது.