வாகோலி நீலக்கல்லும் ஒரு பொய் அட்டையும்

புனேயில் ஒரு கல்லூரியின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் நீலக் கல்லுக்குக் கீழே ‘சஹ்யாத்ரி மலைச் சுரங்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது பொய். அந்தக் கல்லைப் பொறுக்கிக் கொடுத்தவன் நான். நான் எடுத்த இடத்தில் மலையும் இல்லை, சுரங்கமும் இல்லை. வாகோலி அருகே ரோட்டுக்கு ஜல்லி உடைக்கும் குவாரிக் குழி அது. அட்டையை நம்பி மலையேறக் கிளம்புகிறவர்களுக்காக என் 1983ஆம் வருடப் பயணத்தை எழுதுகிறேன்.

கல்லின் பெயர் கவான்சைட். கால்சியமும் வனேடியமும் சேர்ந்த சிலிக்கேட். வெள்ளைப் படிகத்தின் மேல் பட்டாணி அளவு நீல உருண்டையாக ஒட்டியிருக்கும். நான் கசார்வாடிப் பட்டறை ஒன்றில் ஃபிட்டர். கல்லைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்தது. அட்டையைத் திருத்தச் சொன்னபோது கல்லூரிப் பொறுப்பாளர் ஆதாரம் கேட்டார். சரி, கொண்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

ஜனவரி மாதம், வியாழக்கிழமை. பட்டறைக்கு வார விடுமுறை. காலை 6.40க்குச் சாங்வியில் பஸ். புனே ஸ்டேஷனில் இறங்கி 7.50க்கு வாகோலி பஸ். பதினைந்து கிலோமீட்டர், சீட்டு ஒரு ரூபாய் இருபது பைசா. அங்கிருந்து குழிக்கு இரண்டு கிலோமீட்டர், ரிக்‌ஷா. “சோனா ஹை க்யா, சாப்?” என்றார் ஓட்டுநர். தங்கம் இல்லையப்பா, சிலிக்கேட் என்றேன். அது தங்கத்தைவிட உயர்ந்தது என்று நினைத்தாரோ என்னவோ, இறங்கும்போது ஒரு ரூபாய் கூடக் கேட்டார்.

நான் கல் எடுத்த குழி அப்படியே இருந்தது. ஓரத்தில் பெண்கள் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் செங்கம்மா தர்மபுரிக்காரர். தமிழ் கேட்டதும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“அண்ணே, இதுல வெடி வெச்சு ஆறு வருசமாச்சு. இது குப்பைக் குழி.”

“நான் இங்கேதாம்மா எடுத்தேன்.”

“எடுத்திருப்பீங்க, யாரு இல்லேன்னா? பொந்து வெச்ச கல்லு ஜல்லிக்கு ஆவாது, அடிச்சா மாவாப் போயிரும். மூணு குவாரிக்காரனும் அதைக் கொண்டாந்து இங்கதான் கொட்டுவான்.”

“அப்போ நீலம் எந்தக் குவாரிது?”

“அதை லாரியைத்தான் கேக்கணும்!” மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

படிகம் வளர்வதே பொந்தில்தான். எடுத்த இடம்தான் விளைந்த இடம் என்று இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். மூன்று குவாரிக்கும் நடந்தேன். முதல் குவாரியின் முகாதம், அதாவது மேஸ்திரி, அடுத்த குவாரியைக் கை காட்டினார், அங்கே இருந்தவர் அதற்கடுத்ததை. மூன்றாமவர், உன்னை இங்கே அனுப்பியது யார் என்றார். மூன்றிலும் ஒரே கரும்பாறை, ஒரே வெள்ளைப் படிகம். நீலம் எதிலும் இல்லை. இரண்டு மணி வரை உடைத்துப் பார்த்தேன்.

திரும்பும்போது செங்கம்மா கேட்டார்: “கெடைக்கலியா? அப்ப எந்த ஊருன்னுதான் எழுதுவீங்க?”

3.10 பஸ் பிடித்தேன்.

நடந்ததை ஒளிக்காமல் பொறுப்பாளரிடம் சொன்னேன். “உங்களுக்கே தெரியவில்லையே, அட்டை இருக்கட்டும்” என்றார். எனக்குத் தெரியாவிட்டால் அவர் எழுதியது எப்படிச் சரியாகும்? இன்றுவரை எனக்கு இது புரியவில்லை. அட்டை இன்றும் அங்கேதான் இருக்கிறது.

போகிறவர்கள் முகாதமிடம் அனுமதி வாங்கி, வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். கல் கிடைத்தால், யார் கொட்டியது என்று முதலில் ஜல்லி உடைப்பவர்களைக் கேளுங்கள். கல்லூரியின் இப்போதைய பொறுப்பாளர் ‘மலை’, ‘சுரங்கம்’ இரண்டையும் அடித்துவிட்டு, ‘வாகோலிக் குப்பைக் குழியில் எடுத்தது, விளைந்த இடம் தெரியாது’ என்று எழுத வேண்டும். என் பெயர் வேண்டாம். என் நோட்டில் ‘விளைந்த இடம்: இதே குழி’ என்றிருந்த வரியை நான் அன்றைக்கே பஸ்ஸில் அடித்துவிட்டேன். இனி அவர் அடிக்க வேண்டியதுதான் பாக்கி.