ஆடாமல் நின்ற ஸ்டாண்டு

பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக்காரர்கள் அவசரமில்லாத எந்தக் காரியத்தையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த நான், வேலைக்கான கடைசி நேர்காணலைப் பௌர்ணமி சாயங்காலத்துக்கு ஒப்புக்கொண்டேன். சென்னையில் ஓர் ஆடிட்டர் நிறுவனம். போனில் பேசிய பெண் தேதியைச் சொன்னதும் என் வாய் முந்திக்கொண்டு "நோ இஷ்யூஸ் மேடம்" என்றுவிட்டது. வேறு தேதி கேட்டால் திமிர் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். பி.காம். முடித்து ஒரு வருஷம் வீட்டில் இருந்தவள் நான். இரண்டு நிறுவனங்களில் கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பியிருந்தேன். இதுவும் போனால் படிப்பை மறந்துவிட்டு ஏதாவது கடையில் பில் போடப் போக வேண்டியதுதான்.

கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டால் எங்கள் தெருவில் நெட் வராது. மதியம் மூன்று மணிக்கே போனில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. போனில் வீடியோ நேர்காணல் ஐந்து மணிக்கு. தப்புப் பண்ணியது நான், எரிந்து விழுந்தது அம்மாவிடம்.

அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். மாதத்தில் அவருக்குச் சவாரி குவிகிற நாள் அது ஒன்றுதான். சாப்பிட வந்தவர் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு, "அழுதா டவர் வந்துருமா? ஏறு, போலாம்" என்றார்.

ஊரே உள்ளே வந்துகொண்டிருக்க, நாங்கள் மட்டும் வெளியே போனோம். வழியெல்லாம் ஆட்கள் கை காட்டினார்கள். அப்பா ஓடுகிற வண்டியிலிருந்தே "வண்டி ரிப்பேருங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

கீழ்பென்னாத்தூர் சாலையில் ஒரு மல்லாட்டைக் கொல்லை ஓரம், வேர்க்கடலைச் செடிகளுக்குப் பக்கத்தில், நெட் வந்தது. போனை ஆட்டோவில் எங்கே சாய்த்தாலும் வழுக்கி விழுந்தது. "குடு இப்டி" என்று வாங்கிக்கொண்டு, அப்பா வெளியே நின்றபடி என் முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்தார். முகம் மட்டும் திரையில் தெரிகிறபடி பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதல் பத்து நிமிஷம் நன்றாகவே போனது. பிறகு நேர்காணல் செய்த மேடம் கேட்டார்கள்: "படம் லேசா ஆடுதே, போனை யாராவது பிடிச்சிட்டு இருக்காங்களா?"

"இல்ல மேடம். ஸ்டாண்டு."

காக்கிச் சட்டையும் ஆட்டோவும் தெரிந்துவிடுமே என்று வெட்கப்பட்டேன். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு இஷ்டமில்லை. அப்பா போனுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் இருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அதன் பிறகு படம் ஆடவே இல்லை. அரை மணி நேரம் அவர் தொண்டையைக் கூடக் கனைக்கவில்லை.

முடிந்ததும் கையை மடக்க முடியாமல் உதறிக்கொண்டே, "இன்னாமா, ஸ்டாண்டு ஒழுங்கா நின்னுச்சா?" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. திரும்பும் வழியில் டீ வாங்கிக் கொடுத்தார். தன் கிளாஸை இடது கையால் பிடித்துக் குடித்தார்.

வேலை கிடைத்தது. அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். இப்போது அதே நிறுவனத்தில் புதிதாக வருகிறவர்களை நானே நேர்காணல் செய்கிறேன். தேதி குறிக்கும் முன் பௌர்ணமியா என்று காலண்டரைப் பார்ப்பேன். எனக்குப் பக்தி ஜாஸ்தி என்று ஆபீஸில் பேச்சு. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண் திரையில் வந்தாள். கெட்டிக்காரி. கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னாள். படம்தான் ஆடிக்கொண்டே இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே, "சாரி மேடம், ஸ்டாண்டு சரியில்ல" என்றாள். சொல்லும்போது அவள் கண் போனுக்கு மேலே ஒரு தடவை போய் வந்தது.

"ஸ்டாண்டுக்குக் கை வலிக்கும்மா" என்றேன். "உக்காரச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

அவள் கண் மறுபடியும் போனுக்கு மேலே போனது. பிறகு நாற்காலி இழுபடும் ஓசையும், வளையல் சத்தமும் கேட்டன.