நோட்டின் மேல்வரியைப் படிக்காமல் போட்ட கையெழுத்து

கடத்தூர் பக்கத்தில் எங்கள் ஊரில், பெண்கள் பள்ளிக்கு எதிரே மதுக்கூடத்துடன் மனமகிழ் மன்றம் திறப்பதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினார்கள். எதிர்த்துப் பேசத்தான் போனேன். வாசலில் ஒருவர் நோட்டை நீட்டி, "வந்தவங்க கையெழுத்துங்க அக்கா" என்றார். போட்டேன்.

நான் பேச எழுந்ததும் கூட்டத்தை நடத்திய அலுவலர் சிரித்தார். "நீங்கதான் சம்மதம்னு கையெழுத்து போட்டுட்டீங்களேம்மா!"

அவர் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். பக்கத்தின் மேலே பொடி எழுத்தில் 'ஆட்சேபனை இல்லை' என்றிருந்தது.

"எம் பொண்ணு படிக்கிற ஸ்கூலுங்க அது! ஏமாத்தியா கையெழுத்து வாங்குவீங்க?" என்று கத்திக்கொண்டே என் பெயரை அடித்தேன். மற்ற பெண்களும் வந்து தங்கள் பெயர்களை அடித்தார்கள். கூட்டத்தை ஒத்திவைத்தார்கள்.

இப்போது யார் அவசரப்படுத்தினாலும், மேலே எழுதியிருப்பதைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திடுகிறேன். பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும்.