ஆறாவது துளை

தொண்ணூறுகளின் தொடக்கம். திருவண்ணாமலை தேரடித் தெருவில் நான் குழல் செய்து விற்கும் கடை போட்டு இரண்டாவது வருஷம். ஒரு அம்மா செய்தித்தாளில் சுற்றிய புல்லாங்குழலைக் கொண்டுவந்து, யாருக்காவது கொடுத்துவிடும்படி கேட்டார்.

பெயர் கற்பகம்; ஊர் அடி அண்ணாமலை. கணவர் ஏழுமலை பஸ் கண்டக்டர், சனிக்கிழமை பஜனையில் குழல் வாசிப்பவர். பஸ் கதவில் நசுங்கி, வலது கை மோதிர விரலில் பாதி போய்விட்டது. அதிலிருந்து வீட்டில் பேச்சே இல்லையாம்.

"தூக்கிப் போடச் சொல்லிட்டாருங்க. எனக்குத்தான் மனசு வரல."

குழலை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவரையே அழைத்துவரச் சொன்னேன்.

வண்டு துளைத்த மூங்கிலில் காற்று புகுந்து எழுந்த ஓசையைக் கேட்டுத்தான் மனிதன் குழல் செய்தான் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். குழல் வேலை செய்யும் விதமும் அவ்வளவு எளிதுதான். வாய்த் துளையின் விளிம்பில் மூச்சு மோதினால் உள்ளே இருக்கும் காற்று அதிரும். எல்லாத் துளைகளையும் மூடினால் ஸ்வரம் கீழே இருக்கும். அடியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தால் மேலே ஏறும். நடுவில் ஒரு துளை மூடாமல் நின்றால் அதற்குக் கீழே உள்ள ஸ்வரமெல்லாம் போச்சு. ஏழுமலைக்கு அப்படி மூடாமல் நின்றது, மோதிர விரல் மூட வேண்டிய ஆறாவது துளை.

ஒரு வாரம் கழித்து ஏழுமலை கற்பகத்தோடு வந்தார். கையை பேண்ட் பையிலிருந்து எடுக்கவே நேரமானது. குறை விரல் நடுவிரல் பக்கம் சாய்ந்தால் எட்டும் என்று கணக்குப் போட்டு, ஆறாவது துளையை வாய்த் துளை பக்கம் தள்ளி ஒரு குழல் செய்தேன். விரல் எட்டியது. சுருதிப்பெட்டியோடு வாசித்தபோது அந்த ஸ்வரம் மட்டும் தூக்கி நின்றது. வாய்த் துளையிலிருந்து தூரம் குறைந்தால் சுருதி ஏறும் என்று தெரிந்தும் செய்த தப்பு.

"வுடுங்க சார். இது ஆவாது," என்றார் ஏழுமலை. சொல்லிவிட்டுத் தன் பழைய குழலை எடுத்து, தன் பக்கமாகக் கொஞ்சம் உருட்டிப் பிடித்தார். மொட்டை விரல் ஆறாவது துளையில் சரியாக உட்கார்ந்தது. மற்ற விரல்கள் விலகிவிட்டன.

"இது ஒண்ணு மட்டும் இந்தப் பக்கம் இருந்தா போதுங்க," என்றார்.

தூரத்தை மாற்றாமல் பக்கத்தை மாற்றினால் சுருதிக்கு ஒன்றும் ஆகாது. நூல் பிடித்துக் கோடு போட்டுத் துளை போட்டே பழகியதில் இது எனக்குத் தோன்றவே இல்லை. புது மூங்கிலில் அளவெடுத்து, ஆறாவது துளையை மட்டும் அவர் பக்கமாக இறக்கி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டேன்.

மேலிருந்து கீழ் வரை வாசித்தார். ஒரு ஸ்வரமும் விடுபடவில்லை. கற்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏழுமலை அவரைப் பார்த்து, "சனிக்கிழமை நீயும் வரியா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு யார் குழல் கேட்டு வந்தாலும் முதலில் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பேன். மூங்கிலைத் தொடுவது அப்புறம்தான்.