தூசுக்குக் கயிறு கட்டியவர்கள்

பல் டாக்டரிடம் போகிறவர் வாயைத் திறந்தபடி பேசாமல் இருப்பார். கார் மெக்கானிக்கிடம் வருகிறவர் வாயைத் திறந்தால் மூடவே மாட்டார். லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருபத்திரண்டு வருடமாகக் கராஜ் நடத்துகிறேன். பழுதான காரோடு வருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். பழுதையும் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டு வருகிறவர்களோடுதான் பெரும்பாடு. தையற்கடையோ சலூனோ சமையலோ, உங்கள் தொழிலை உங்களுக்கே சொல்லித்தர வருகிறவர்களால் நொந்துபோன சகபாவிகளே, போன வருடம் ஒரே ஒரு காரால் நான் பட்டதைக் கேளுங்கள். வெள்ளைக்காரர் பேச்சையும் தமிழிலேயே தருகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

பின்வீதிக் கொட்டகை

மிஸிஸ் பார்லோவுக்கு எழுபத்தொன்பது வயது. என் கராஜுக்குப் பின்வீதியில் தனியாக இருக்கிறார். அவருடைய சின்னக் காருக்கு வருடாவருடம் நான்தான் எண்ணெய் மாற்றுவேன். பழைய கார்க் கொட்டகைகளை இடிக்கப் போவதாகக் கவுன்சில் கடிதம் போட்டதும், தன்னுடையதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். கொட்டகைப் பூட்டின் திறப்பு இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோன கணவரோடு போய்விட்டது. என்னோடு வேலை செய்கிற மரியதாஸ் பூட்டை அறுத்தான். உள்ளே பெரிய எஞ்சினும் முரட்டு உடம்புமாக, ஒரு காலத்தில் அமெரிக்காவில் செய்த மசில் கார் ஒன்று நின்றது, சாவி அதிலேயே தொங்கியபடி. என்ன மொடல் என்று எழுத மாட்டேன். எழுதினால் திருத்துவதற்கு நாளைக்கே நாலு பேர் வருவார்கள். நிறம் தெரியாத அளவுக்கு அதன்மேல் தூசு.

கணவர் கப்பலில் இறக்கிய காராம். ஏழு கோடை அதை ஓட்டியதாகப் பப்பில் எல்லோருக்கும் சொல்லுவாராம். பிறகு பூட்டியதுதான், நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. மனைவியை மட்டும் ஸ்டியரிங்கில் கை வைக்க விட்டதில்லை. இது பெண்களுக்கு அடங்காத வண்டி என்பாராம். இப்போது மிஸிஸ் பார்லோவுக்குக் கண் மங்கி வருகிறது. இன்றைக்கு ஓட்டலாம், நவம்பர் பரிசோதனையோடு லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது ஓகஸ்ட் மாதம். விற்றால் நல்ல விலை போகும் என்றேன் நான், பெரிய கெட்டிக்காரன் மாதிரி.

"நான் விலை கேட்கவில்லை. லைசென்ஸ் கையில் இருக்கும்போது ஒரு தடவை இதை நானே ஓட்ட வேண்டும். செய்து தர முடியுமா?" என்றார்.

மூன்று நிறம்

காரைக் கராஜுக்கு இழுத்து வந்த அன்றே மரியதாஸ் அதைப் படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டான். சனிக்கிழமை நான் கதவைத் திறக்க முன்னமே ஆறு பேர் வாசலில் நின்றார்கள். பழைய அமெரிக்கக் கார்களின் ரசிகர் சங்கமாம். தலைவர் கீத், ஓய்வு பெற்ற தபால்காரர், மேற்சட்டை முழுக்கச் சின்னங்கள் குத்தியிருந்தார். ஆறு பேரும் இதே காரைத் தங்கள் இளமையில் கண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு அது சிவப்பு. சவுத்தால் சந்தியில் அவரை முந்திக்கொண்டு போனதாம். இன்னொருவருக்குக் கறுப்பு, உள்ளே ஒரு நடிகை இருந்தாளாம். மூன்றாமவர் தாயின் மேல் சத்தியம் செய்து மஞ்சள் என்றார்.

ஒரு மூலையைத் துடைத்தால் தெரிந்துவிடுமே என்று துணியோடு கையை நீட்டினேன். கீத் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கண்டெடுத்த காருக்கு மதிப்பே அந்தத் தூசில்தான் இருக்கிறதாம். வடக்கே இருந்து ஒரு நிபுணர் வந்து பார்த்துப் பதிவு செய்யும்வரை ஒரு துளி தண்ணீர் படக்கூடாதாம். தன் வான் வண்டியிலிருந்து நீலக் கயிறும் நாலு கம்பமும் கொண்டுவந்து காரைச் சுற்றிக் கட்டினார். அன்றிலிருந்து என் கராஜில் நானே குனிந்து போகவேண்டியதாயிற்று.

"அடியில் படுத்து என்ன வேலையும் செய்யுங்கள், மேலே மட்டும் தொடாதீர்கள். பெயின்ற் புதிதாக அடிக்கலாம், இந்தத் தூசைத் திரும்ப அடிக்க முடியாது" என்றார்.

கிங்ஸ்பரி சாட்சி

நம்மவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா. கிங்ஸ்பரியிலிருந்து சிவலோகநாதன் அண்ணை வந்தார். சொந்தக் காருக்கு பிரேக் பார்க்க வந்தவர், கயிற்றைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "இதே கார் எங்கட ஊரில ஒரு சுருட்டு முதலாளியிட்ட நிண்டது. ஆனையிறவில ரயிலோட ஓடி ரயிலை விட்டிட்டுப் போனது. நான் பின் சீற்றில இருந்தனான்" என்றார்.

அந்தக் காரில் ஸ்டியரிங் எந்தப் பக்கம் அண்ணை என்று கேட்டேன். அவர் கயிற்றுக்கு மேலால் எட்டி உள்ளே பார்த்துவிட்டு, "இடப்பக்கம்தான், பின்னை என்ன" என்றார். அவ்வளவு பெரிய காரை ஊரின் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் எப்படித் திருப்பினார்கள் என்றும் கேட்டேன். அண்ணைக்கு அறுபது வயது, எனக்கு ஐம்பத்தெட்டு.

"அதெல்லாம் உமக்குத் தெரியாது தம்பி, நீர் அப்ப பிறந்திருக்கவும் மாட்டீர்" என்றார்.

போனுக்குள் இருந்த எஞ்சின்

பெற்றோல் தாங்கியைக் கழுவி, குழாய்களையும் பிரேக்கையும் மாற்றி, புதுப் பற்றரி போட எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. எல்லாம் கயிற்றுக்கு அடியால் ஊர்ந்துபோய்ச் செய்த வேலை. பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் கார்த்திக், மதுரைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. அவர் தினமும் மாலை வந்து போனில் வீடியோ போட்டுக் காட்டுவார். இந்த வகைக் காரின் சத்தத்தை மட்டும் இருநூறு வீடியோ பார்த்திருப்பதாகச் சொன்னார். அசல் காரை அன்றுவரை நேரில் கண்டதில்லை.

எஞ்சின் முதன்முதலாகப் பிடித்த நேரம் கூரைத் தகரம் அதிர்ந்தது. மரியதாஸ் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை. கார்த்திக் போனைக் காதில் வைத்து ஒரு தரமும், எஞ்சினுக்குப் பக்கத்தில் காதை வைத்து ஒரு தரமும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான் இருக்குண்ணா, ஆனா ஒரிஜினல் மாதிரி இல்லையே" என்றார்.

வியாழக்கிழமைகள்

மிஸிஸ் பார்லோ ஒவ்வொரு வியாழனும் பிஸ்கற் டின்னோடு வருவார். கயிற்றுக்கு வெளியே நிற்பார். கீத் பக்கத்தில் நின்று, அந்தக் காரில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு விளக்குவார். கணவர் ஓட்டிய காலத்தில் அந்தக் காரில் உட்கார்ந்தவர் அங்கே மிஸிஸ் பார்லோ மட்டும்தான் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒருநாள் உள்ளே ஏறிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். சீற் தையல் விட்டுவிடும், நிபுணர் வரட்டும் என்றார் கீத். நிபுணரோ செப்டம்பரில் வருகிறேன் என்றார், பிறகு ஒக்டோபர் என்றார், பிறகு கிறிஸ்மஸுக்குப் பிறகு என்றார். நவம்பர் பரிசோதனையை மிஸிஸ் பார்லோ ஒருதரம்தான் ஞாபகப்படுத்தினார், அதுவும் மெதுவாக.

நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். சங்கத்தின் ஆறு பேரும் தங்கள் மற்றக் கார்களை என்னிடம் விடத் தொடங்கியிருந்தார்கள். கீத்துக்குக் கோபம் வந்தால் ஆறு வாடிக்கையும் போய்விடும் என்று பயந்தேன். கிழவியைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தியதில் எனக்கும் பங்கு இருக்கிறது. வெட்கம்தான். மரியதாஸ் மன்னார்க்காரன், அதிகம் பேசாதவன். ஒரு வியாழன் மிஸிஸ் பார்லோ திரும்பிப் போன பிறகு ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"அண்ணை, இந்தக் கார் ஆருடையது? அவவின்ரையோ, கயிறு கட்டினவரின்ரையோ?" என்று கேட்டான்.

ஆயுத பூசை

கராஜ் தொடங்கியதிலிருந்து ஆயுத பூசையை நான் விட்டதில்லை. முதல்நாள் சாமான் எல்லாம் கழுவி, கராஜுக்குள் நிற்கிற வாகனங்களுக்கும் குளிப்பாட்டு நடக்கும். அழுக்கு வாகனத்துக்குப் பொட்டு வைத்தால் அது பூசையா? நானும் மரியதாஸும் ஜாக்கியில் தொடங்கி, கொம்பிரசரைக் கழுவி, கயிற்றை அவிழ்த்து, அந்தக் காரையும் சோப்புப் போட்டுக் கழுவினோம். பழக்கத்தில் தெரியாமல் செய்துவிட்டேன் என்று கீத்திடம் சொன்னேன். உங்களிடம் பொய் சொல்வானேன். பாதி பழக்கம், பாதி மரியதாஸின் கேள்வி. தூசுக்கு அடியில் வந்தது சிவப்புமில்லை, கறுப்புமில்லை, மஞ்சளுமில்லை. ஆஸ்பத்திரிச் சுவருக்கு அடிக்கிற வெளிறிய பச்சை.

மறுநாள் சங்கம் வந்தபோது கார் சந்தனமும் குங்குமமுமாக, நாலு டயருக்கு முன்னாலும் எலுமிச்சம்பழத்தோடு மினுங்கிக்கொண்டு நின்றது. அடுக்கியிருந்த டயர்களின் மேல் கீத் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிவப்பு என்றவர் தான் ஆரம்பத்திலிருந்தே பச்சை என்றுதான் சொன்னதாகச் சொன்னார். நடிகையைக் கண்டவர் அவள் பச்சை உடுப்புப் போட்டிருந்ததை இப்போது நினைவுகூர்ந்தார். நான் எதிர்பார்த்தபடியே ஆறு பேரும் தங்கள் மற்றக் கார்களின் திறப்புகளைக் கேட்டு வாங்கினார்கள். போகமுன் கீத் எழுந்துவந்து சந்தனப் பொட்டைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இந்த மஞ்சள் அடையாளமாவது ஒரிஜினலா?" என்று கேட்டார்.

எலுமிச்சம்பழம்

அடுத்த வியாழன் மிஸிஸ் பார்லோ வந்தார். தூசு போனதில் காரின் மதிப்புப் போய்விட்டதாகக் கீத் அவருக்கும் போன் பண்ணியிருந்தார். அவர் பிஸ்கற் டின்னை என் கையில் தந்துவிட்டு காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார். "இதைக் கழுவு, கழுவு என்று நாற்பது வருடம் அந்த மனிசனோடு சண்டை பிடித்தேன்" என்றார். பிறகு சாவிக்குக் கையை நீட்டினார். இன்சூரன்ஸை அவர் ஓகஸ்டிலேயே எடுத்து வைத்திருந்தார். எலுமிச்சம்பழம் ஏன் என்று மட்டும் கேட்டார். நசுக்கிக்கொண்டு போனால் கண்ணூறு கழியும் என்றேன். நாலையும் ஒரேயடியாக நசுக்கிக்கொண்டு காரை வெளியே எடுத்தார்.

ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால் நான் வலப்பக்கத்தில் பிரேக்கும் இல்லாமல் எதுவும் இல்லாமல் இருந்து, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். அவர் விமான நிலையத்தைச் சுற்றுகிற பாதையில் கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, அளவான வேகத்தில் போனார். தலைக்கு மேலே விமானம் இறங்கியபோதுகூடப் பார்வை பாதையை விட்டு விலகவில்லை. திரும்பி வந்து கராஜ் கதவுக்குள் ஒரே தரத்தில் பின்னால் எடுத்து நிறுத்தினார். பதினெட்டு வருடமாக வேலை செய்கிற மரியதாஸ் அந்தக் கதவில் இடித்து மூன்று கார்களின் பக்கக் கண்ணாடியை உடைத்திருக்கிறான். ஏழு கோடை ஓட்டிய கணவர் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார் என்றேன்.

மிஸிஸ் பார்லோ எஞ்சினை நிற்பாட்டி, சாவியை மடியில் வைத்துக்கொண்டார். "ஏழு கோடை இல்லை, ஏழு தடவை. ஏழாவது தடவை பக்கத்து வீட்டு மதிலில் ஏற்றிவிட்டு, பயத்தில் பூட்டி வைத்தார். வண்டி அடங்காதது எனக்கில்லை" என்றார்.

கீத் மறந்துவிட்டுப் போன நீலக் கயிற்றில்தான் இப்போது கராஜின் எண்ணெய்த் துணிகளைக் காயப்போடுகிறோம். இத்தனை நிபுணர்கள் வந்துபோனதில் எனக்கு மிஞ்சிய ஒரே ஒரிஜினல் சாமான் அதுதான்.