பெரிய மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்த பிரஷ்

என் மாமியார் வீட்டில் ஒரு சாமான் வாங்கக் கையில் காசு இருந்தால் மட்டும் போதாது. பெரிய மாப்பிள்ளை அதை ஒரு தரம் பிடித்துப் பார்த்தாக வேண்டும். துடைப்பமாக இருக்கட்டும், டார்ச் லைட்டாக இருக்கட்டும், அவர் கை பட்டால்தான் அது வாசற்படி தாண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் இதை மரியாதை என்று நினைத்தேன். பயம் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

பெரிய மாப்பிள்ளை என்பவர் என் நாத்தனாரின் புருஷன், எனக்கு அண்ணன் முறை. ஹார்டுவேர் கடையில் வேலை. கதவுக்கான கைப்பிடி, பூட்டு, தாழ்ப்பாள் விற்கிற கவுண்டருக்குப் பின்னால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்பார். நின்று நின்று, உலகத்தில் கைப்பிடி வைத்த எதுவானாலும் அதற்குத் தாமே அதிகாரி என்கிற நினைப்பு வந்துவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குக் ‘கைப்பிடியார்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதைப் பட்டம் என்று நம்பி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அவர் ஒரு சாமானைப் பரீட்சை பண்ணுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். முதலில் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டுவார். நகத்தால் தட்டிக் காதருகே கொண்டுபோவார். கனமாக இருந்தால் “பிடின்னா இது பிடி” என்பார். லேசாக இருந்தால் “ம்ஹூம்.” இவ்வளவுதான் அவர் கற்ற மொத்த வித்தை. இதற்குக் கடைக்காரர்கள் ஸ்டூல் வேறு போட்டுக் கொடுப்பார்கள்.

என் மாமியாருக்கு அவர் பால் காய்ச்ச ஒரு பாத்திரம் எடுத்துக் கொடுத்தார். நீளமான கைப்பிடி, உருட்டுக்கட்டை கனம். பாத்திரம் நிரம்ப இருக்கும்வரை ஒழுங்காக நிற்கும். பால் பாதிக்குக் கீழே இறங்கினால் கைப்பிடியின் கனத்துக்கு அப்படியே பின்பக்கம் சாய்ந்து அடுப்பைக் குளிப்பாட்டும். மாமியார் தயங்கித் தயங்கி அதைச் சொன்னதற்கு அவர் சொன்ன பதில்: “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க நிறைய பால் ஊத்துங்க அத்தை.” அவர் எடுத்த சாமானில் குறையே இருக்காது. குறை எப்போதும் அதைப் பிடிக்கிறவர் கையில்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவராவது முயலைப் பிடிக்கத் தெரிந்தவராக இருப்பார். இவருக்கு அதுவும் தெரியாது.

அவரைக் கேட்காமல் வாங்கினால் என்ன ஆகும்? கத்த மாட்டார், அடிக்க மாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். அதுவும் தப்பு செய்தவரிடம் நிறுத்த மாட்டார், தன் பெண்டாட்டியிடம் நிறுத்துவார். ஒரு தடவை என் வீட்டுக்காரர் அவரைக் கேட்காமல் இஸ்திரிப் பெட்டி வாங்கிவிட்டார். அதற்காக அண்ணி, அதாவது என் நாத்தனார், ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவரோடு குடித்தனம் நடத்தினாள். போட்ட சாப்பாட்டைச் சாப்பிடுவாராம், வைத்த தண்ணீரைக் குடிப்பாராம், வாயை மட்டும் திறக்க மாட்டாராம். கண் வீங்கி அவள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்த பிறகு, இந்த வீட்டில் எவனும் ஒரு ஸ்பூன்கூடத் தன் இஷ்டத்துக்கு வாங்கியதில்லை. “மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது” என்பார் மாமியார். மகள் மனசைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லிக் கேட்டதில்லை.

இந்த லட்சணத்தில்தான் என் வீட்டுக்காரர் சொந்தமாகச் சலூன் வைக்கப் புறப்பட்டார். அதுவரை இன்னொருவர் சலூனில் முடி வெட்டி, ஷேவ் பண்ணி, முதலாளியிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தவர். ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஒரு ஒடுக்கமான அறை கிடைத்தது. பழைய சுழல் நாற்காலி இரண்டு, சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, மூலையில் ஒரு குழாய். தெருக்கோடியில் ஒரு செக்யூரிட்டி கம்பெனியின் விடுதி இருந்தது. அங்கே தங்கியிருக்கிற ஆட்கள் தினமும் முகத்தை மழமழவென்று மழித்துக்கொண்டுதான் டியூட்டிக்குப் போக வேண்டும். அவர்களுடைய சூப்பர்வைசர், “திறக்கிற அன்னிக்கு நானே வந்து உக்காந்து பாக்கிறேன். திருப்தியா இருந்தா என் ஆளுங்களை இங்கயே அனுப்புறேன்” என்று சொல்லியிருந்தார். அந்த ஆட்கள் வந்தால் கடை நிற்கும். வராவிட்டால் இவர் பழைய முதலாளி வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும்.

நாற்காலிக்கும் கண்ணாடிக்கும் அண்ணன் கையிலேயே பாஸ் வாங்கியாயிற்று. பாக்கி இருந்தது ஷேவிங் பிரஷ். என் வீட்டுக்காரருக்கு வேண்டியது பல வருஷமாகப் பழகிய ஜாதி: வெள்ளை பிளாஸ்டிக் கைப்பிடி, நடுவில் இடுப்புப் போல ஒடுங்கியிருக்கும், அந்த இடத்தில் இரண்டு விரலும் தானாகப் போய் உட்காரும். கீழே விழுந்தாலும் துள்ளுமே தவிர உடையாது. பெட்டிக்குள் ஒன்று வைத்தும் இருந்தார். அண்ணன் அதை வெளியே எடுத்து, செத்த எலியை வாலில் தூக்குவது போலத் தூக்கிப் பார்த்தார்.

“இது என்ன மச்சான், பாட்டில் கழுவறதா? கஸ்டமர் பயந்து ஓடிடுவான். கிளம்பு, நான் எடுத்துத் தரேன்.”

மூன்று பேரும் போனோம். கடையில் இருந்த பிரஷ்களையெல்லாம் வரிசையாகப் பிடித்துக் கண்ணை மூடினார். மரக் கைப்பிடி, ம்ஹூம். ரப்பர் சுற்றியது, ம்ஹூம். கடைசியில் கண்ணாடி அலமாரிக்குள் வெல்வெட் மேல் படுத்திருந்த ஒன்றைக் கேட்டார். சுத்தப் பித்தளைக் கைப்பிடி. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. உள்ளங்கையில் வைத்தார், ஆட்டினார், தட்டினார். முகத்தில் அப்படியொரு ஆனந்தம்.

“பிடின்னா இது பிடி. உன் பேரன் காலம் வரைக்கும் உழைக்கும்.”

கடைக்காரர் நல்ல மனுஷர். “சார், இது கிஃப்ட் கொடுக்க வாங்கிட்டுப் போவாங்க. தினசரி வேலைக்குன்னா...” என்று இழுத்தார்.

“நீங்க விக்கிறவரு. பிடிச்சுப் பாக்கிறவன் நான்” என்று அவர் வாயை அடைத்தார். தாம் வேலை பார்க்கிற கடையில் இவரும் விற்கிறவர்தானே?

என் வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார். “இல்ல மாமா, வேலை செய்யும்போது கையெல்லாம் சோப்பா இருக்கும். இவ்ளோ வழவழன்னு இருந்தா...”

“சோப்பு முகத்துக்குடா. கைக்கு எதுக்குப் போடற?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனுஷர் ஷேவ் பண்ணுவது கரண்ட் மெஷினில். ஈரக் கையால் ஒரு பிரஷைத் தொட்டிருப்பாரா என்பதே சந்தேகம். காய்ந்த கையால் காய்ந்த பிரஷைப் பிடித்துத் தீர்ப்பு எழுதிவிட்டார். பொட்டலம் கட்டியாயிற்று.

அன்று சாயங்காலம் அதைக் குழாயடிக்கு எடுத்துப் போய்ச் சோப்புக் கையால் நானே பிடித்துப் பார்த்தேன். விலாங்கு மீன் கெட்டது போங்கள். நழுவி விழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் வாளியில் விரிசல். “நாளைக்குக் கடை திறக்கிறப்போ பழசையே எடுங்க” என்றேன் இவரிடம். சரி என்றுதான் சொன்னார். அதற்குள் அண்ணி போன் பண்ணினாள்.

“இங்க பாரு, நாளைக்கு ஒரு நாள் அவர் எடுத்ததையே வச்சுக்கச் சொல்லு. அவர் நேர்ல வந்து நிப்பார். அவர் போனதுக்கப்புறம் எதை வேணா எடுத்துக்கட்டும்.” போனை வைப்பதற்கு முன்னால், “எனக்காகடி” என்றாள்.

ஒரு பக்கம் எங்கள் கடை, இன்னொரு பக்கம் அவள் வீட்டு நிம்மதி. நடுவில் ஒரு பித்தளைத் துண்டு. இவர் அதை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் சொன்னபடி வந்து உட்கார்ந்தார். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டை, உதட்டில் ஒரு சிரிப்புக் கிடையாது. அண்ணன் முதலாளி மாதிரி நாற்காலிக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றார். வாசலில் அண்ணி டீ தட்டோடு, அவளுக்குப் பின்னால் மாமியாரும் நானும். “பிரஷ் நான் செலக்ட் பண்ணது” என்று அண்ணன் கேட்காமலே சூப்பர்வைசரிடம் சொன்னார். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை.

இவர் பிரஷை வெந்நீரில் முக்கி எடுத்தார். அவர் தொழிலில் அப்படித்தான், ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் ஒரு முக்கு. சோப்பை நுரைக்க ஆரம்பித்தார். கன்னத்தில் ஒரு சுற்றுத்தான் வந்திருக்கும், பித்தளை நழுவிச் சூப்பர்வைசர் முழங்காலில் இடித்து, டைல்ஸ் தரையில் ‘ணங்’கென்று விழுந்தது. சூப்பர்வைசர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். இவர் மன்னிப்புக் கேட்டு, பிரஷை எடுத்து, கழுவி, மறுபடி வெந்நீரில் முக்கி, இந்தத் தடவை ஐந்து விரலாலும் அமுக்கிப் பிடித்துக் கன்னத்தில் வைத்தார். தேய்த்துவிட்டுக் கையை எடுத்தபோது கையில் கைப்பிடி மட்டும் வந்தது. வெந்நீரில் பசை விட்டு, முடிக்கற்றை முழுசாகக் கழன்று சூப்பர்வைசர் கன்னத்து நுரையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் குனிந்து இவர் கையிலிருந்த பித்தளையைப் பார்த்தார். “பாத்தீங்களா, கைப்பிடிக்கு ஒரு கீறல் இல்ல” என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. சூப்பர்வைசர் முறைப்பதைப் பார்த்ததும், “சாமான் நல்ல சாமான் சார். இவனுக்குத்தான் பிரஷ் பிடிக்கத் தெரியல” என்று சேர்த்துக்கொண்டார்.

கடை திறந்த முதல் நாள், முதல் ஆள் முன்னால், சின்ன வயசிலிருந்து இதே தொழில் செய்கிறவனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. இவர் முகம் சுண்டிப்போயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் டீ தட்டைப் பலகையில் வைக்கிற சத்தம் கேட்டது. அண்ணி உள்ளே வந்தாள்.

“அவனுக்குத் தெரியும். தெரியாதது உங்களுக்குத்தான்.”

அண்ணன் திரும்பி, அந்தப் பழைய பார்வையைப் பார்த்தார். உதடு ஒட்டிக்கொண்டது. மாமியார், “ஐயோ, சும்மா இருடி” என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அண்ணி உதறிவிட்டாள்.

“என்ன, பேச மாட்டீங்களா? பேசாதீங்க. முதல்லதான் அழுதேன். அப்புறம் பழகிடுச்சு. நீங்க பேசாம இருக்கிற நாள்லதான் நான் நிம்மதியா ரெண்டு வாய் சாப்பிடறேன்.”

என் வீட்டுக்காரர் துண்டால் முடிக்கற்றையை எடுத்துப் போட்டார். பெட்டியிலிருந்து பழைய பிளாஸ்டிக் பிரஷை எடுத்தார். பிறகு அவர் கை வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே! சூப்பர்வைசர் எழுந்து கன்னத்தைத் தடவிக்கொண்டு, “நாளையிலேருந்து ஆளுங்க வருவாங்க. ஆனா அது இங்க இருக்கக் கூடாது” என்றார். சொன்னபோது அவர் பித்தளையைப் பார்த்தாரா, அண்ணனைப் பார்த்தாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

கைப்பிடியாருக்கு இப்போது பாவம், ஆயுதமே இல்லை. பேசாமல் இருந்தால் பெண்டாட்டி நிம்மதியாகச் சாப்பிடுகிறாளே என்கிற வயிற்றெரிச்சலில் ஓயாமல் பேசுகிறாராம். கடையில் அன்றைக்கு எத்தனை தாழ்ப்பாள் விற்றது என்பது வரை ஒப்பிக்கிறாராம். எனக்கு அவர் மேல் துளி இரக்கம் இல்லை.

போன வாரம் அண்ணி செருப்பு வாங்க வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டாள். அவரைக் கூப்பிடவில்லை. கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். அவள் ஒன்றையும் தொடவில்லை. இதுவா, அதுவா என்று என் முகத்தையே பார்த்தாள்.

“எது நல்லா இருக்கு?”

“உனக்கு எது பிடிச்சிருக்கு அண்ணி?”

“தெரியலடி” என்றாள். கண்ணில் தண்ணீர். “நெஜமாவே தெரியல.”

அந்த ஆள் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் அங்கே கிடந்த செருப்பு ஒன்றும் வீணாகியிருக்காது. அவ்வளவு ஆத்திரம் எனக்கு. ஆனால் நான் எடுத்துக் கொடுக்கவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் நெடுநேரம் பார்த்து, ஒரு சிவப்பு ஜோடியை எடுத்தாள். போட்டுப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

நேற்று வந்தபோது குதிகாலில் கொப்புளம். ஒரு அளவு சின்னது. “மாத்திட்டு வரலாம் வா, பில் என்கிட்டதான் இருக்கு” என்றேன்.

காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். “வேணாம். கடிக்கட்டும். நான் எடுத்தது.”