கேத வீட்டில் ஓடிய டிவி

2025 ஜூலை 9, புதன்கிழமை. விடியுமுன் எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தினேன். பால் வாங்கி வந்து அடுப்பில் வைத்தேன். கூடத்தில் அப்பாவின் படத்துக்கு முன் எரியும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டினேன். அப்பா இறந்து அன்று ஐந்தாம் நாள். அதற்கடுத்து, எல்லா நாளும் செய்வதுபோல, சர்வரைப் பார்த்தேன். அதன் பச்சை விளக்கு எரியவில்லை.

சர்வர் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. டிவிக்குக் கீழே அலமாரித் தட்டில் இருக்கும், டிபன் பாக்ஸ் அளவிலான ஒரு சிறிய கம்ப்யூட்டர். பக்கத்திலுள்ள கேபிள் செட்டாப் பாக்ஸிலிருந்து படத்தை வாங்கி இன்டர்நெட் வழியாக அனுப்பும். அனுப்புவது ஒரே ஒரு வீட்டுக்கு. குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு.

அக்கா போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். பிளேட் வைத்தும் சரியாகவில்லை. படுக்கைதான். கட்டிலுக்கு எதிரே டிவி இருக்கிறது. அதில் தமிழ்ச் சேனல்களுக்கும் குறைவில்லை. ஆனால் அவள் கேட்பது எங்கள் கேபிள்காரரின் உள்ளூர் சேனலை. அது மார்க்கையன்கோட்டையைச் சுற்றியுள்ள நாலைந்து ஊர்களைத் தாண்டாது. ஓடைப்பட்டித் திராட்சை என்ன விலை போனது, எந்தத் தெருவில் காதுகுத்து, யார் இறந்தார்கள், வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்பதெல்லாம் அதில்தான் வரும். எந்த ஆப்பிலும் கிடைக்காது. ‘மாதச் சந்தா கட்டினா ஆயிரம் சேனல் வருமே, உனக்கு எதுக்கு இந்த வேல?’ என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஆயிரத்தில் அந்த ஒன்று இல்லை என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிவிட்டேன்.

அப்பாவின் சாவுக்கு அக்காவால் வர முடியவில்லை. மலையில் விடாத மழை. அவளை உட்காரவைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனில் ஒப்பாரியைக் கேட்டதோடு சரி. சித்தப்பா உள்ளூர் சேனலில் அஞ்சலி அறிவிப்புக்குச் சொல்லியிருந்தார். புதன்கிழமை ஒரு நாள் மட்டும், மத்தியானச் சந்தை விலை முடிந்ததும் அப்பாவின் படம் வரும். அக்கா அதற்காகத்தான் காத்திருந்தாள்.

சர்வரின் மேல் தடித்த துண்டு ஒன்று நாலாக மடித்துப் போடப்பட்டிருந்தது. அதற்கும் செட்டாப் பாக்ஸுக்கும் பொதுவான பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுக் கிடந்தது.

எங்கள் பக்கம் கேத வீட்டில் கருமாதி முடியும்வரை டிவி போடக்கூடாது. அணைத்து வைத்தால் மட்டும் போதாது, துணி போட்டு மூடவும் வேண்டும். அப்பாவின் தங்கையான அத்தை முதல் நாளே டிவியை ஒரு வேட்டியால் மூடிவிட்டது. எனக்கு அதில் மறுப்பில்லை. கம்ப்யூட்டர் அப்போது யார் கண்ணிலும் படவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பட்டிருக்கிறது.

“நாந்தான் மூடுனேன்” என்றது அத்தை. “மூடுன கொஞ்ச நேரத்துல காத்தாடி கணக்கா கத்துச்சு. பயந்துபோயி பிடுங்கிட்டேன்.”

“துணியப் போட்டு மூடுனா சூடாகிக் கத்தத்தான் செய்யும்த்தே.”

“கேத வீட்டுல கத்தலாமா அது?”

அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள்.

“தம்பி, இங்கன ஒண்ணும் வரல. வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு. இன்னிக்குத்தான அப்பா படம் போடுறாக?”

“சேனல்ல குடுத்த போட்டோவ வேணா வாங்கி அனுப்பவாக்கா?”

“போட்டோ எங்கிட்ட இல்லையாடா? ஊரே பாக்கையில நானும் சேந்து பாக்கணும். தூக்கையிலதான் நான் இல்ல.”

துண்டை எடுத்தேன். பிளக்கைச் சொருகினேன். வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கு அத்தை சேதி சொல்லியிருக்க வேண்டும். உள்ளே வந்தார்.

“ஏலே, என்ன பண்ற? அப்பன் செத்து எட்டு நாளுகூட முடியல, டிவி கேக்குதா உனக்கு?”

“டிவி மூடித்தான் கெடக்கு சித்தப்பா. நான் தொறக்கல, தொறக்கவும் மாட்டேன்.”

“அந்தா பச்ச வெளக்கு எரியுதுல்ல?”

“படம் இங்கன ஓடல. அக்கா வீட்டுல ஓடுது.”

“எங்கன ஓடுனா என்னடா? கெளம்புறது இந்த வீட்டுல இருந்துதான? கேத வீட்டுல இருந்து டிவி ஓடுச்சுன்னு நாளைக்கு நாலு பேரு பேசமாட்டாகளா?”

“சேனல்ல அறிவிப்புக் குடுத்தது நீங்கதான?”

“ஊரு பாக்கக் குடுத்தேன். நாம பாக்கவா குடுத்தேன்?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தில் பேசினால் அவர் ஜெயித்துவிடுவார் என்று தெரியும். முறைப்படியே கேட்டேன்.

“கட்டிக் குடுத்த பிள்ளைக்கு எத்தன நாள் தீட்டு சித்தப்பா?”

“மூணு நாளு.”

“இன்னிக்கு அஞ்சு. அப்ப அக்கா பாக்கலாமா, கூடாதா?”

சித்தப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை அப்பாவின் படத்துக்கு முன்னிருந்த விளக்கைப் பார்த்தது.

“சட்டம் பேசுறான்” என்று சொல்லிவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். பிளக்கைப் பிடுங்க வந்தால் கையைத் தட்டிவிடுவது என்ற முடிவோடு அலமாரிக்கு முன்னால் நானும் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். சித்தப்பாவிடம் ஒருநாளும் அப்படி நடந்துகொண்டதில்லை. அன்று தயங்கவில்லை.

இன்னொரு சிக்கல் இருந்தது. கரண்ட் போய் வந்தால் செட்டாப் பாக்ஸ் உள்ளூர் சேனலில் நிற்காது. முதல் சேனலுக்குப் போய்விடும். ரிமோட்டில் எண் பொத்தான்கள் எப்போதோ செத்துவிட்டன. மேலே, கீழே என்ற இரண்டு மட்டும்தான் வேலை செய்யும். டிவியைத் திறந்து பார்த்தால் நிமிட வேலை. திறக்கமாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. என் போனிலும் அந்தப் படத்தைப் பார்க்கலாம்தான். ஆனால் கொள்ளி வைத்த நான் கருமாதிவரை பார்க்கக்கூடாது என்பது முறை. எனக்குரியதை மீறப்போவதில்லை; அக்காவுக்கு இல்லாததை அவள்மேல் போடவும் விடப்போவதில்லை. அதனால் மத்தியானம் சந்தை விலை போடும் நேரத்துக்கு அக்காவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். ஒவ்வொரு முறை அழுத்திவிட்டும் காத்திருக்க வேண்டும், படம் மலையேறிப் போய்ச் சேரும்வரை.

“இப்ப என்னக்கா தெரியுது?”

“ஒருத்தி நகை காட்டுறா.”

“இப்ப?”

“சாமியாரு பேசுறாரு. இது வேணாம், போ.”

“இப்ப?”

“சமையலு. நெய்ய ஊத்துறாக, ஊத்துறாக, நிப்பாட்டவே மாட்டேங்கிறாக.”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. கேத வீட்டில் சிரிக்கவும் கூடாது.

“இதுதாண்டா! ஓடைப்பட்டி பன்னீர் திராட்ச போட்டிருக்கு. கைய எடுத்துரு, எதையும் அமுக்காத.”

ரிமோட்டை என் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அக்கா சந்தை விலையை ஒவ்வொன்றாக வாசித்தாள். தக்காளி, முருங்கை, தேங்காய். அப்பா இருந்தால் முருங்கை விலைக்கு யாரையாவது வைதிருப்பார். பிறகு அவள் குரல் நின்றது. மலையில் மழை பெய்யும் சத்தம் மட்டும் போனில் கேட்டது.

“வந்துட்டாக” என்றாள்.

வேட்டி மூடிய டிவிக்கு முன்னால் நாங்கள் மூவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எந்தப் படம் ஆத்தா?” என்று அத்தை போனைப் பார்த்துக் குனிந்து கேட்டது. “மீச நரைச்சதா, கருப்பா?”

“கருப்புத்தான்த்தே. என் கல்யாணத்துல எடுத்தது. என்னைய வெட்டிட்டு அப்பாவ மட்டும் போட்டிருக்காக. ஓரத்துல என் மாலை கொஞ்சம் தெரியுது.” அதற்குப் பிறகு அவள் அழுதாள். அத்தையும் அழுதது. அந்தப் படத்தைத் தேடிக் கொடுத்தது சித்தப்பாதான். அவர் வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அக்கா போனை வைத்ததும் எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது, குரல் மாறவில்லை.

“மக பாத்துட்டா. வேல முடிஞ்சதுல்ல, அமத்து.”

“முடியல சித்தப்பா. நாளைக்கும் திராட்ச வெல இருக்கு.”

“திராட்ச வெலையா? ஏலே, உங்க அப்பன் கருமாதிவரைக்கும் பொறுக்க மாட்டாளா அவ?”

“மோட்டுவளையப் பாத்துக்கிட்டு எத்தன நாள் கெடப்பா? அவளுக்கு ஊருன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். நான் அமத்த மாட்டேன்.”

“அந்தப் பச்ச வெளக்கு எரியிற வரைக்கும் இந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்.”

“சரி சித்தப்பா.”

நான் சமாதானம் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். சொல்லவில்லை. சாயங்காலக் காபியை அவர் எதிர்வீட்டில் குடித்தார். நான் பின்கட்டில் அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தபோது தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கம்ப்யூட்டர்மேல் விரித்துவிட்டுப் போனதாக அத்தை சொன்னது. வந்து பார்த்தேன். பிளக்கை அவர் தொடவில்லை. இருந்தாலும் துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன்.

மறுநாள் காலை எழுந்ததும் மோட்டார் போடவில்லை. முதலில் அலமாரிக்குப் போனேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேலே கை வைத்தேன், இளஞ்சூடுதான். கொடியிலிருந்து சித்தப்பாவின் துண்டை எடுத்து, நாலாக மடித்து, பந்தலில் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் வைத்தேன். அதன்பிறகு மோட்டார் போட்டேன்.